மேற்குச் சுவர் வேண்டாம்

வாஷிங் மெஷின் அறை என்று பெயர்.
ஐந்தடிக்கு ஏழடி, கதவு உள்ளே திறந்தால் அதுவும் இல்லை.
டேப்பின் ஒரு முனையை நீ பிடித்தாய்,
மறுமுனையோடு நான் மூலைக்குப் போனேன்.
கேஸ் பில்லின் பின்பக்கம் படம்:
செவ்வகத்துக்குள் செவ்வகம்,
என் கையெழுத்தில் அங்குலங்கள்,
உன் கையெழுத்தில் கேள்விக்குறிகள்.

துடைப்பத்துக்கு ஆணி அடித்தாயிற்று.
கார்த்திகை அகல்கள் குக்கர் வந்த அட்டையோடு பரணுக்கு.
என்றைக்கோ சரிசெய்வதாய் நீ சொன்ன டேபிள் ஃபேன்
இன்னும் வழியில்தான் நிற்கிறது.
மூன்று நீல டிரம்மில் இரண்டை மாடிக்கு ஏற்றச் சொன்னேன்.
வேலூரில் பிறந்தவளுக்கு
தண்ணீரைச் சேர்த்துவைக்க யாரும் சொல்லித்தர வேண்டாம்.
ஆனால் இது வேறு தண்ணீர்.
அட்டைப்பெட்டியில் வரும்,
காலாவதித் தேதியோடு.

நாளைக்கு மூன்று பை. பெட்டிக்கு ஆறு.
மாதத்துக்குப் பதினைந்து பெட்டி, தலைக்குப் பதின்மூன்று கிலோ.
நர்ஸ் சொன்னதை அப்படியே எழுதிவந்தேன்:
தரையில் வைக்காதீர்கள். சூடு படக்கூடாது.
பழையதை முதலில் எடுங்கள்.
ரேஷன் அரிசிக்கும் நம் வீட்டில் இதே சட்டம்தான்.

முதலில் மேற்குச் சுவரில்தான் வரைந்திருந்தேன்.
நீளமான சுவர், ஜன்னல் இல்லை,
படத்தில் அழகாகப் பொருந்தியது.
கத்திரி நடக்கிற மாதம், சாயங்காலம் ஐந்து மணி.
உள்ளங்கையை வைத்துப் பார், என்றாய்.
வைத்தேன்.
கையை எடுத்த பிறகும் சுவர் கையிலேயே இருந்தது.
அது மெஷினுக்குப் போகட்டும்.
பெட்டிகள் வடக்கே.

அப்புறம் உயரத்துக்குச் சண்டை.
மேல்தட்டை ஏழடிக்கு ஏற்று, இடம் வீணாகிறது என்கிறாய்.
நான் நாலடி பத்து.
நீ தூக்கக்கூடாது, தொப்புளுக்குப் பக்கத்தில் குழாய்;
நம் இருவரில் அதை மறப்பது நீதான்.
கீழ்த்தட்டு என் முட்டிக்கு.
மேல்தட்டு என் தோளுக்கு.
சுவரில் முதுகை ஒட்டி நின்றேன்,
நீ பென்சிலால் கோடு போட்டாய்,
பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் போடுவதுபோல.

சத்துவாச்சாரியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிற தணிகாசலம்
செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து
கோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"கடப்பா கல்லு போட்டுடலாமேம்மா,
உங்க காலத்துக்கும் கெடக்கும்."
வேண்டாம்.
"அப்போ ஆங்கிள். இன்னா கனம் வெப்பீங்க?"
நூற்றுத் தொண்ணூற்றைந்து கிலோ.
அவர் நிமிர்ந்து உன்னை அளந்தார்.
"சாரு மாதிரி மூணு பேரு ஏறி நிக்கணும். நிக்கலாம்."
அறுபத்தைந்து என்று
காலையில்தான் உன் நோட்டில் எழுதியிருந்தேன்.
ஒருத்தனையே தாங்க முடியல இவளுக்கு, என்று சிரித்தாய்.
அவர் சிரிக்கவில்லை, கணக்கில் இருந்தார்.

"நாலு மூலையும் வெல்டு அடிச்சு
செவுத்துல பதிச்சுட்டா அசையாது."
வெல்டு வேண்டாம். நட்டு போல்ட்டு போதும்.
"ஆடும்மா."
ஆடினால் முடுக்கிக்கொள்கிறேன்.
"ஏன், கழட்டப் போறீங்களா?"

நீ ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய்,
நேற்று இல்லாத மலை இன்று வந்ததுபோல.
பட்டியலில் உன் பெயருக்கு மேலே எத்தனை பெயர் என்று
ஆஸ்பத்திரியில் கேட்டது ஒருமுறைதான்.
திரும்பி வந்த ஆட்டோவில் இருவருமே பேசவில்லை.

கழட்டலாம், என்றேன்.

அவர் மேலே கேட்கவில்லை.
கேஸ் பில்லை வாங்கி
என் அங்குலங்களுக்குக் கீழே எழுதினார்:
நாலு தட்டு, முப்பத்திரண்டு போல்ட்டு.
"பதிமூணாம் நம்பர் ஸ்பானர் ஒண்ணு
கைக்கெட்டுற எடத்துல வெச்சுக்குங்க."

தட்டுக்கு நாலு பெட்டி என்றால்
ஒரு இடம் மிச்சம்.
டேபிள் ஃபேனுக்கு, என்கிறாய் நீ.
நான் இன்னும் பதில் சொல்லவில்லை.
ஸ்பானருக்கு அவ்வளவு இடம் தேவையில்லைதான்.